மண் காத்தவர் யார்?

மதுராந்தகம் என்று சொன்ன மாத்திரத்தில் தமிழ்நாட்டார்க்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று ஏரி. மற்றொன்று அந்த ஏரியைக் காத்ததாகக் கூறப்படும் இராமன். அசுரரை அழித்ததற்காகப் பெயர் பெற்ற தெய்வங்கள் உண்டு. வரம் அளித்ததற்காகப் பெயர் பெற்ற தெய்வங்கள் உண்டு. கரை உடையாமல் பார்த்துக்கொண்டதற்காக 'ஏரி காத்த இராமர்' என்று பெயர் பெற்ற தெய்வம் மதுராந்தகத்திலே இருக்கிறது.

கதையை அறியாதார்க்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780இல் ஐதர் அலியின் படை புகுந்தது. போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் பாழ்பட்டன. அந்தச் சீமைக்கு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் முனைந்தார். முனையாமல் என்ன செய்வார்? ஏரி நிறைந்தால்தான் கழனி விளையும். கழனி விளைந்தால்தான் கும்பினியின் கஜானா நிறையும்!

மதுராந்தகத்து ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்தது. செப்பனிட்டார்கள். மீண்டும் அடைமழை. இம்முறையும் உடையுமோ என்ற கலக்கத்தோடு இரவிலே கரையைப் பார்வையிடச் சென்ற துரையின் கண்ணுக்கு, வில்லேந்திய வீரர் இருவர் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை நின்றது. துரை மனம் உருகித் தாயார் சன்னதியைக் கட்டுவித்தார். அவர் பெயர் பொறித்த கல் இன்றும் கோயிலில் இருக்கிறது.

கல்லிலே துரையின் பெயர் இருக்கிறது. கதையிலே இராமன் பெயர் இருக்கிறது. கூடையிலே மண் சுமந்து கொட்டி, மழையிலே நனைந்து நின்று, உடைப்பை அடைத்தவன் பெயர் எங்கே இருக்கிறது?

அந்த இரவில் துரை எதைக் கண்டார் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப் போவதில்லை. மழை இருட்டில், கவலை நிறைந்த நெஞ்சோடு நிற்பவன் எதையும் காணக்கூடும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் என் கேள்வி வேறு. ஒரு கரையைக் காத்த பெருமை வானத்துக்குப் போய்விட்டால், மண்ணிலே நின்றவனைப் பற்றிய நினைவே நமக்கு இல்லாமற் போய்விடுகிறது. அவனை மறந்தோம், அவனோடு அவன் அறிவை மறந்தோம், கடைசியில் அவன் காத்த மண்ணையும் மறந்தோம். இந்த மூன்று மறதிகளும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதே இக்கட்டுரையில் நான் காட்ட விரும்புவது.

மண்ணைப் பற்றி நம்மில் பலர் கொண்டிருக்கும் எண்ணம் என்ன? அது என்றும் இருப்பது, எங்கும் இருப்பது, விலையற்றது. "மண்ணாய்ப் போக" என்று வைகிறோம். "மண்ணுக்குச் சமானம்" என்று இகழ்கிறோம். அறிவியல் கூறுவது வேறு. மண் இருந்துகொண்டே இருக்கும் பொருளன்று, உண்டாக்கப்படும் பொருள். பாறை வெயிலில் வெடித்து, மழையில் கரைந்து, காற்றில் தேய்ந்து துகளாகிறது. அத்துகளில் புல் முளைக்கிறது, முளைத்தது மடிகிறது, மடிந்ததை நுண்ணுயிர்கள் தின்று மக்காக்குகின்றன. மணல், வண்டல், களி, மக்கு, காற்று, நீர், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் வளமான மேல்மண். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு அது உருவாக ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம் என்பர் மண்ணியலார். ஒரு பெருமழை அதை ஒரே இரவில் அடித்துக்கொண்டு போகலாம். ஒரு லாரி அதை ஒரு மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போகலாம்.

மனிதன் தெய்வப் படைப்பு அல்லன், படிமுறை வளர்ச்சியின் விளைவு என்று காட்டி வைதிக உலகை அதிர வைத்த சார்லஸ் டார்வின், தம் வாழ்நாளின் கடைசி நூலை எதைப் பற்றி எழுதினார் தெரியுமா? மண்புழுவைப் பற்றி! 1881இல் அந்நூல் வெளிவந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடே சென்று வெளிவருகிறது என்று அவர் கணக்கிட்டார். மிதிபட்டுச் சாகும் புழு உழவனுக்கு முன்னோடி உழவன் என்று அந்த மேதை அறிந்தார். தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்டதன் உழைப்பை அளந்து பார்த்து உலகுக்கு அறிவித்தார் அவர். பகுத்தறிவின் வேலையே அதுதான்.

இனிச் செங்கல்பட்டுச் சீமைக்கு வருவோம். இது காவிரி வண்டல் படிந்த தஞ்சைத் தரையன்று. செம்மணல், சரளை, பாறைக்குன்று, கடலோரம் சென்றால் வெறுமணலும் உவர்நிலமும். மணற்பாங்கான மண்ணில் நீர் தங்காது. நீரோடு சத்தும் இறங்கிவிடும். இப்படிப்பட்ட தரையில் நெல் விளைத்து, ஊர்களைப் பெருக்கி, பல்லவருக்கும் சோழருக்கும் வரி கொடுக்கும் அளவுக்கு நிலத்தை உயர்த்தியது எது? ஏரி!

மதுராந்தகம் என்ற பெயரே சோழர் காலத்தை நினைவூட்டும். மதுரைக்கு இறுதி கண்டவன் என்று பொருள்படும் 'மதுராந்தகன்' சோழர் சூடிய பட்டம். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனுக்கும் அது பெயர். மன்னர்கள் போரில் வென்ற பட்டத்தை ஊருக்குச் சூட்டினார்கள். ஆனால் அந்த ஊர் வாழ்ந்தது வாளால் அன்று, மண்வெட்டியால். 694 மில்லியன் கன அடி என்று பொதுப்பணித் துறை முன்பு கணக்குச் சொன்ன அந்த ஏரியின் நீளக் கரை முழுவதும், மனிதத் தலைகள் சுமந்து வந்த மண்தானே!

ஏரியை நாம் தண்ணீர்த் தொட்டியாக மட்டுமே பார்க்கிறோம். பழைய உழவன் அதை மண் தொட்டியாகவும் பார்த்தான். மழை பெய்கையில் மேட்டுநிலத்து மேல்மண், இலைச் சருகு, ஆட்டுப் புழுக்கை, சாணம் அனைத்தும் நீரோடு உருண்டு வந்து ஏரியின் அடியில் வண்டலாகப் படிகின்றன. கோடையில் ஏரி வற்றும். வற்றியதும் வண்டி கட்டுவான். வண்டலை வெட்டி ஏற்றிக் கழனியிலே பரப்புவான். மணற்பாங்கான கழனிக்குக் களியும் மக்கும் கிடைத்தன. நீர் பிடித்து வைக்கும் வலிமை கிடைத்தது. ஏரிக்கோ ஆழம் கிடைத்தது. இழந்த மண்ணை ஏரி பிடித்துக்கொடுத்தது. பிடித்த மண்ணைக் கழனி திரும்பப் பெற்றது. மண் பாதுகாப்பு என்று இன்று மாநாடு கூட்டிப் பேசுவதை அன்று மாட்டு வண்டி செய்துகொண்டிருந்தது.

இதை ஊர்கள் தற்செயலாகச் செய்யவில்லை. ஏற்பாடு வகுத்துச் செய்தன. மதுராந்தகத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, குடவோலைத் தேர்தலைக் கூறுகின்றன. அங்கே 'ஏரி வாரியம்' என்று ஒரு தனிக் குழுவே இருந்தது. ஆண்டுதோறும் ஏரியைக் குழிவெட்டிக் கரையில் மண் இடுவதற்கெனப் பொன் முதலீடு செய்த செய்தியும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இந்த ஜாகீர் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்துமேட்டில் நெல் குவிந்ததும், பங்கு பிரிப்பதற்கு முன் ஏரிக்கென்று ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கத்தை அவ்வூர்க் கணக்குகள் காட்டுகின்றன.

"ஆகா, அந்தக் காலமே பொற்காலம்!" என்று சிலர் துள்ளி எழுவார்கள். சற்று அமருங்கள், தோழர்களே! அந்த ஏரி வாரியத்தில் இடம் பெற யாருக்குத் தகுதி இருந்தது என்பதையும் அதே கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதமும் மந்திரமும் கற்றிருக்க வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. ஓலையில் பெயர் எழுதப்பட்டவன் வேறு. ஏரியில் இறங்கி வண்டல் வெட்டியவன் வேறு. மண்ணின் தன்மையை அறிய வேத மந்திரம் எதற்கு? மதகு திறக்கும் நேரம் தெரிந்தவனுக்கு, கரையில் கசிவு காணும் கண் உடையவனுக்கு, எந்தக் கழனிக்கு எத்தனை வண்டி வண்டல் என்று கைப்பிடி மண்ணை நசுக்கிப் பார்த்தே சொல்லக்கூடியவனுக்குக் குடத்திலே ஓலை இல்லை!

யார் அவர்கள்? நீர்க்கட்டிகள், படியாட்கள், மண் வெட்டும் ஒட்டர்கள். சேரியில் வாழ்ந்தவர்களே பெரும்பாலோர். ஊருக்கு நீர் பிரித்துக் கொடுத்த நீர்க்கட்டியைப் பொதுக் கிணற்றில் நீர் மொள்ள விடவில்லை ஊர். இந்த முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டுதான் நம் பழம்பெருமையைப் பேச வேண்டும்.

மதுராந்தகத்திலிருந்து சிறு தொலைவிலேயே இருக்கிறது வேடந்தாங்கல். பறவைகள் அங்கே ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா என ஆயிரக்கணக்கில் வந்து சேர்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே வந்து வேட்டையாடினார்கள். ஊர்மக்கள் பொறுக்கவில்லை, கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டர் யார்? அதே லயனல் பிளேஸ். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு வழங்கிக் கவுல் கொடுத்தார். 1858இல் பின்வந்த கலெக்டர் அதைப் புதுப்பித்தார்.

ஊர்மக்கள் ஏன் முறையிட்டார்கள்? அழகு பார்ப்பதற்கா? பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாயும் கழனி நன்றாக விளைகிறது என்று கண்டிருந்தார்கள்! எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன என்ற வேதியியல் அவர்களுக்குத் தெரியாது. தழைச்சத்து என்ற சொல்லே அன்று இல்லை. பயிருக்கு மண்ணிலிருந்து கிடைக்கும் தாதுச் சத்துகளைப் பற்றி ஜெர்மானிய வேதியியலார் லீபிக் நூல் எழுதியது 1840இல். ஆயினும் எழுத்தறியாத அந்த மக்கள் பார்த்தார்கள், ஒப்பிட்டார்கள், முடிவுக்கு வந்தார்கள். அம்முடிவைக் காக்க அதிகாரத்தின் வாயிலில் போய் நின்றார்கள். காட்சி, ஒப்பீடு, முடிவு, செயல்: அறிவியலுக்கு வேறு இலக்கணம் உண்டா?

பாருங்கள், அதே கலெக்டர், அதே ஆண்டுகள், அதே வட்டாரம். ஓர் ஊரில், இரவில் கண்ட வில்லாளிகளைப் பற்றிய கதை. மற்றோர் ஊரில், பகலில் கண்ட உண்மையைப் பற்றிய கவுல். முன்னதற்குக் கோயிலும் திருவிழாவும் கிடைத்தன. பின்னது, பறவை பார்க்கப் போகிறவர்கள் படிக்கும் அறிவிப்புப் பலகையில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் நாம்?

19ஆம் நூற்றாண்டில் ஏரிக்கும் ஊருக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. ஏரிப் பங்கு போயிற்று. வருவாய் முழுவதும் சர்க்காருக்கென்று ஆயிற்று. மராமத்து மட்டும் ஊர் தலையில் நின்றது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர் ஆட்கள் வந்து உழைக்க வேண்டும் என்றது அது. 'குடிமராமத்து' என்ற அழகிய பெயருக்குள் கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயம் யார் முதுகில் ஏறியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? வண்டல் எடுப்பது குறைந்தது. ஏரி மேடிட்டது, கழனி மெலிந்தது. ஏரியில் உணவு குவிந்து கிடக்க, அதன் காலடியில் கழனி பட்டினி கிடந்தது.

வெள்ளை அரசு வேளாண்மையை ஆராயாமல் இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சைதாப்பேட்டையில் 1865இல் சோதனைப் பண்ணை தொடங்கியது. 1876இல் அங்கே வேளாண் பள்ளி எழுந்தது. 1906இல் அது கோயம்புத்தூருக்குப் போய்ப் பின்னர்ப் பெரிய கல்லூரியாகவும் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. 1889இல் இங்கிலாந்திலிருந்து வோல்க்கர் என்ற வேதியியலார் வந்து இந்தியா முழுவதும் சுற்றினார். 1893இல் வெளியான அவர் அறிக்கை, இந்திய உழவன் சராசரி பிரிட்டிஷ் உழவனுக்குச் சளைத்தவன் அல்லன் என்று கூறியது. மண்ணுக்குப் போக வேண்டிய சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிவதை அவர் கண்டார். விறகு கிடைக்காததே காரணம் என்றார். உழவனின் அறியாமையைக் குறை சொல்லவில்லை அவர். உழவனின் இல்லாமையைச் சுட்டினார்.

அந்த இல்லாமையின் வேரைத் தேடியவர் மற்றொருவர். செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். மிராசுதார்களுக்குத் தரிசு நிலத்தின்மீது இருந்த முன்னுரிமை, உழைக்கும் சேரி மக்கள் ஒரு துண்டு நிலமும் பெற முடியாமல் தடுத்ததை அது எடுத்துரைத்தது. குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. இதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பின்னரும் அதே வகுப்பாரல்லாத பிறருக்கு விற்கக் கூடாது என்று விதி வகுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' ஏட்டைத் தொடங்கி, பின்னாளில் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாடு வரை சென்று உரிமைக் குரல் எழுப்பினார்.

ஒப்படைத்த நிலம் உரியவர் கையில் நின்றதா? கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் அதில் பெரும்பகுதி போயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

மண்வளம் பற்றிய கட்டுரையில் நில உரிமை ஏன் வருகிறது என்று கேட்கலாம். காரணம் எளிது. வண்டல் அடித்தால் அதன் பயன் ஒரு போகத்தோடு முடியாது. பல ஆண்டுகள் நிற்கும். தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதால் மண் மெல்ல மெல்லத் தேறும். வரப்பை உயர்த்துவது, மரம் நடுவது, கிடை போடுவது எல்லாம் நாளைக்கு என்று செய்யும் வேலைகள். ஓராண்டுக் குத்தகைக்காரனுக்கு நாளை ஏது? கூலியாளுக்கு நாளை ஏது? அடுத்த ஆண்டு இந்த நிலம் எவன் கையிலோ என்ற நிலையில், இந்த ஆண்டே எடுக்கக் கூடியதை எடுத்துக்கொள்ளத்தான் மனிதன் முனைவான். உரிமை இல்லாத இடத்தில் மண்ணைப் போற்று என்று உபதேசிப்பது, வாடகை வீட்டுக்காரனைப் பார்த்து மாடி கட்டு என்பது போல.

1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்ணுக்கு ஆணைப்போல் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. நாற்று நடுவது யார்? களை பறிப்பது யார்? எருக்கூடையைத் தலையில் சுமந்து கழனியில் கொட்டுவது யார்? பெண்! அவளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏறியது 1989இல். இடையே அறுபது ஆண்டுகள்! நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று இருந்த வரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தது. சட்டங்கள் ஏறின, பட்டாவில் உழுகிறவள் பெயர் இன்னும் முழுமையாக ஏறவில்லை.

இடையில் மண்ணின் கதையில் மற்றொரு திருப்பம். 1909இல் ஜெர்மனியில் ஹேபர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிரித்துக் காட்டினார். 1913இல் அது ஆலைத் தொழிலாயிற்று. 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 போன்ற நெல்வகைகள் நம் கழனிகளுக்கு வந்தன. அவற்றோடு யூரியாவும் வந்தது. அதைச் சிலர் அரக்கனாகச் சித்திரிக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கப்பலில் வரும் கோதுமைக்காகக் கையேந்தி நின்ற நாட்டின் பசியைப் போக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. பிழை, உரத்தில் இல்லை. அளவறியாமல் இட்டதில் இருக்கிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதன் விலை மட்டும் தாழ்ந்தே நின்றது. மலிவானதை மிகுதியாக வாங்குவது மனித இயல்பு. தழைச்சத்து மிகுந்தது, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பின்தங்கின, தொழு உரமும் தழை உரமும் மறந்தே போயின. பயிர் பச்சையாக நின்றது. மண் சோகை பிடித்தது.

மண்ணை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா பாடம். புல்வெளிகளைப் புரட்டி உழுது கோதுமை விளைத்துக் குவித்தார்கள். 1930களில் வறட்சி வந்ததும் மேல்மண் புழுதியாகி வானத்தை மறைத்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயலில் பட்டப்பகல் இருண்டது. இலட்சக்கணக்கானோர் வீடு துறந்து நடந்தனர். அதே ஏப்ரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றினார்கள். ஹியூ பென்னட் என்ற மண்ணியலார் தலைமையில் தனித் துறை அமைத்தார்கள். சரிவுக்குக் குறுக்கே உழுதார்கள், மரவரிசை நட்டார்கள், பயிர் மாற்றினார்கள். செல்வம் கொழித்த நாடும் மண் போனபின் கையைப் பிசைந்து நின்றது. பின்னர் அறிவைத் துணைகொண்டு எழுந்தது. 2014 முதல் டிசம்பர் 5ஆம் நாள் உலக மண் நாளாக ஐக்கிய நாடுகளால் கொண்டாடப்படுகிறது. நம் பள்ளிகளில் எத்தனை பேருக்கு அந்நாள் தெரியும்?

நம் நாட்டிலும் அசைவு இல்லாமல் இல்லை. 2015இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. 2017 மார்ச்சில் இந்த வட்டாரத்துக்கு அண்மையில் உள்ள மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டது. 2024இல் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்ற திட்டத்தில் தமிழ்நாடு அரசு பசுந்தாள் உர விதை வழங்க முற்பட்டது. அதே ஆண்டு, ஏரி வண்டலை உழவர் இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று முறை எளிதாக்கப்பட்டது. நல்லவை இவை. ஆனால் வண்டல் என்ற பெயரில் வெட்டுவது கழனிக்குப் போகிறதா, மனைப்பிரிவு மேடாக்கப் போகிறதா என்று பார்க்கும் கண் ஊரில் இல்லையென்றால், திட்டம் காகிதத்தில் இனிக்கும். ஏரியில் பள்ளம் விழும். செங்கற்சூளைக்கு மேல்மண்ணை அடிக்கணக்கில் விற்றுவிட்டு, மிஞ்சிய கட்டாந்தரையில் யூரியா கொட்டும் அவலத்தைச் செங்கல்பட்டுச் சாலையில் போகிறவர் எவரும் காணலாம்.

கடலோரத்துச் சிக்கல் தனி. செய்யூர்ப் பக்கத்தில், மாமல்லபுரக் கரையில், ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால், கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நகர்கிறது. அந்நீர் பாய்ந்த நிலம் உவர்க்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்துக் கழனிகளில் உப்பு படிந்தபோது, வரப்பு உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுது மீட்டார்கள். பரிகாரம் இருக்கிறது, அது பூசையில் இல்லை, வடிகாலில் இருக்கிறது.

ஆகவே, இளைஞர்களே, உங்களை நான் வேண்டுவது பெரிய தியாகம் எதையும் அன்று. ஊரில் மண் சோதனை என்ற பழக்கத்தை உண்டாக்குங்கள். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் ஆகியவற்றைத் தவிருங்கள். கலந்து, நான்கு பங்காக்கிக் குறைத்து, அரைக் கிலோ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். வண்டல் அடிக்கும் முன் அதையும் சோதியுங்கள். ஆலைக்கழிவு கலந்த ஏரியின் வண்டல் உரமாகாது, நஞ்சாகும். வைக்கோலையும் தாளையும் கொளுத்த விடாதீர்கள். கிராம சபை கூடும் நாளில் எழுந்து நின்று கேளுங்கள்: ஏரி எப்போது தூர்வாரப்பட்டது? வெட்டிய மண் எங்கே போயிற்று? இவ்வூரில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர்? அது இன்று யார் கையில் இருக்கிறது?

பழையது என்ற காரணத்தால் எதையும் போற்ற வேண்டா; புதியது என்ற காரணத்தால் எதையும் தழுவ வேண்டா. பஞ்சகவ்யமானாலும் சரி, பன்னாட்டுக் கம்பெனியின் புட்டி மருந்தானாலும் சரி, ஒரு பாத்தியில் இட்டு, ஒரு பாத்தியில் இடாமல், விளைச்சலை நிறுத்துப் பாருங்கள். வேடந்தாங்கல் மக்கள் செய்ததும் அதுவே. உழவுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் எருவுக்கும் அதில் இடம் தந்திருக்கிறார். அக்குறளை ஒப்பிப்பதோடு நின்றுவிடாமல், எருக்குழி வெட்டுகிற கையாக நம் கை மாறட்டும்.

மழை இரவில் மதுராந்தகத்துக் கரையில் இருவர் நின்றதாகக் கதை கூறுகிறது. இருவர் அல்லர், நூற்றுவர் நின்றிருப்பார்கள். அவர்கள் கையில் வில் இல்லை. கூடையும் மண்வெட்டியும் இருந்தன. அவர்களுக்குச் சன்னதி கட்ட வேண்டியதில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயரில் பட்டா எழுதுங்கள்; அவர்கள் அறிவைப் பாடப்புத்தகத்தில் எழுதுங்கள். மண்ணைக் காக்க அவர்களுக்குத் தெரியும்.